முடி நீளம்



நேற்று பேரன் ஓர் அமெரிக்க ராக் ஆல்பம் போட்டுக் காட்டினான். 1973-இல் வந்தது. லெனர்ட் ஸ்கினர்ட் குழுவின் முதல் ஆல்பம். கடைசிப் பாட்டு மட்டும் 9 நிமிடம்!

அதைவிடப் பெயரின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் ஒரு பள்ளி. அங்கே லியோனார்டு ஸ்கின்னர் என்ற உடற்கல்வி ஆசிரியர். முடி நீளமாக வளர்த்த பையன்களை விடமாட்டார். அவர்கள் அவர் பெயரையே திரித்துத் தங்கள் குழுவுக்கு வைத்துவிட்டார்கள். யார் வாயிலும் நுழையாத பெயர் என்பதால், ஆல்பத்தின் தலைப்பே அதை உச்சரிக்கும் முறைதான். அல் கூப்பர் தயாரித்த அந்த ஆல்பம் மறு ஆண்டே தங்கத்தட்டுச் சான்று பெற்றது. பின்னாளில் ஆசிரியரும் அவர்களும் நண்பர்களானார்கள். ஒரு கச்சேரியில் குழுவை மேடையில் அறிமுகப்படுத்தியதும் அவரே.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். நன்றாகப் பாடுவான். முடி நீளம் என்று எல்லார் முன்னாலும் நானே கத்தரித்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுதப்பா. சார் செய்தது தப்பு.