நாமக்கல்லில் ஒரு நாட்டு முட்டை

நாமக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது, ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலை. உச்சியில் கோட்டை. கீழே, கூரையே இல்லாமல் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு கைகூப்பி நிற்கிறார் 18 அடி ஆஞ்சநேயர். கும்பிட்டாச்சா? அப்படியே ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் போங்கள். இன்னொரு நாமக்கல் அங்கே கொக்கரித்துக்கொண்டிருக்கிறது!

நான் போனதற்குக் காரணம், சென்னையில் என் ரூம்மேட். ஜிம்முக்குப் போகிற ஆசாமி. வெள்ளை முட்டை என்றால் தொடமாட்டான். அட்டைப் பெட்டியில் 'நாட்டுக்கோழி', 'ஃப்ரீ ரேஞ்ச்', 'ஆர்கானிக்' என்று என்ன எழுதியிருந்தாலும் இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குவான். இருபதாம் தேதிக்கு மேல் என்னிடம் கைமாற்று கேட்பான். ஆக, இது என் பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

தெரிந்தவர் மூலம் ஒரு பண்ணைக்குள் நுழைய முடிந்தது. "மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு வாங்க தம்பி" என்றார் பண்ணைக்காரப் பெரியவர். கோழிக்கு நம்மால் வியாதி வந்துவிடக் கூடாதாம்!

உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். அத்தனையும் 'லெகார்ன்' வழி வந்த வெள்ளைக் கோழிகள். இத்தாலியிலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயர் அது. ஆபீஸில் நாம் பிரின்ட் எடுக்கிற ஏ-ஃபோர் தாள் அளவு இடம்கூட ஒரு கோழிக்கு இல்லை. வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடுகிறது. சேவல் கிடையாது. கூண்டின் அடித்தளம் சரிவாக இருப்பதால் முட்டை விழுந்ததும் உருண்டு வெளியே வந்துவிடுகிறது. போட்டவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ட்ரேக்குப் போய்விடும். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால், பள்ளிக்கூடச் சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டை கிடைப்பதும் இந்த மாதிரிப் பண்ணைகளால்தான்.

"பழுப்பு முட்டை விசேஷங்களா?" என்று கேட்டேன்.

"அது கோழியோட இனமுங்க தம்பி. பழுப்பா போடற இனத்தை இதே கூண்டுல அடைச்சாலும் பழுப்பாத்தான் போடும். மஞ்சக்கரு நல்லா செவசெவன்னு இருக்கோணுமா? தீவனத்துல செண்டுமல்லிப் பூவோட சத்தைக் கலந்தாப் போச்சு!"

ஆக, நிறம் சாட்சி சொல்லாது. புரதத்திலும் வித்தியாசமில்லை, எந்த நிறமானாலும் ஒரு முட்டைக்குச் சுமார் 6 கிராம்தான்.

அடுத்து அவர் போட்ட கணக்குதான் என்னை அசத்தியது. நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது, எண்பது முட்டை போட்டாலே அதிகம். பத்துப் பன்னிரண்டு போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும்; அப்புறம் முட்டை நின்றுவிடும். பெரிசும் சிறிசுமாகத்தான் போடும். அப்படியிருக்க, உங்கள் தெருமுனைக் கடையில் வருஷம் முழுக்க, ஒரே சைஸில், முப்பது முப்பதாக 'நாட்டு' முட்டை அடுக்கியிருக்கிறதே, எப்படி சார்?

'ஃப்ரீ ரேஞ்ச்' என்றால் கோழி வெளியே மேய்கிறது என்று அர்த்தம். ஐரோப்பாவில் ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர் வெளியிடம் தர வேண்டும். ஓட்டின் மேலேயே எண் குத்துகிறார்கள்: 0 என்றால் ஆர்கானிக், 1 வெளியில் மேய்ந்தது, 2 கொட்டகைக்குள் நடமாடியது, 3 கூண்டு. பழைய மாதிரி வெறும் கூண்டுகளை 2012-லேயே தடை செய்துவிட்டார்கள். நம் ஊர் ஓட்டில் அப்படி எண் போடும் கட்டாயம் இல்லை. பெட்டியில் இருக்கும் பச்சைப் புல்வெளிப் படத்தை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

'ஆர்கானிக்' வேறு கதை. அது முக்கியமாகத் தீவனத்தைப் பற்றியது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்த தானியம் வேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கான முத்திரை இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'ஒமேகா-3' என்றால் தீவனத்தில் ஆளிவிதை மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள். கோழி கூண்டிலேயே இருக்கலாம். எனக்குப் பிடித்தது 'சுத்த சைவத் தீவனம்' என்ற லேபிள். வெளியே மேய்கிற கோழி புழுவையும் கரையானையும் விட்டுவைக்குமா? சைவக் கோழி என்றால் வாசலைத் தாண்டாத கோழி என்று அர்த்தம்!

ரூம்மேட்டுக்கு அசல் நாட்டு முட்டை வாங்கிப் போகலாமே என்று, பண்ணைக்காரர் வழி சொன்ன ஒரு பாட்டி வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டு இரண்டு கோழிகள், ஒரு சேவல்.

"முட்டை இருக்குங்களா ஆயா?"

"நேத்துத்தான் கண்ணு அடை வெச்சேன். குஞ்சு பொரிச்சு, அதுங்க தாயை விட்டுப் பிரியட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வா!"