பத்தில் ஒன்று யாருக்கு?

மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். தசமபாகத்தை இங்கே டொராண்டோவில் போகிற சபைக்குக் கொடுப்பதா, ஊருக்கு அனுப்புவதா?

ஊர் மூணாறு பக்கம் பள்ளிவாசல். (பெயர்தான் அப்படி, நாங்கள் போனது சர்ச்சுக்கு!) அம்மா கொழுந்து கிள்ளி என்னைப் படிக்க வைத்தவர். "வளர்த்த கோயிலை மறந்துராதப்பா" என்பார் போனில். மனைவியோ, "பிள்ளைங்க ஓய்வுநாள் பள்ளிக்குப் போறது இங்கதானே?" என்கிறாள். இரண்டுமே நியாயம்தான்.

வேதத்தைப் புரட்டினேன். லேவியராகமம் 27 சொல்வது நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும் பத்தில் ஒன்று. உபாகமம் 14-இன்படி மூன்றாம் வருடப் பங்கு லேவியருக்கும், பரதேசிக்கும், அநாதைக்கும், விதவைக்கும். ஆக, நிலமில்லாத ஏழை வாங்குகிற பக்கம்தான் வருகிறார்!

2015 செப்டம்பரில் மூணாறில் 'பொம்பிளை ஒருமை' பெண்கள் போராடினார்களே, அப்போது அவர்கள் தினக்கூலி 232 ரூபாய். சொந்த நிலம் கிடையாது. குடியிருப்பது கம்பெனி லயம், ரிட்டயரானால் அதுவும் போய்விடும். அந்தக் கூலியிலும் 23 ரூபாயைக் கணக்குப் பார்த்துக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் மனசுபோலக் கொடுக்கட்டும். கட்டாயம் கூடாது என்றுதானே பவுலும் கொரிந்தியருக்கு எழுதினார்? கணக்குப் பார்க்க வேண்டியது சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்கள்.

முடிவு இதுதான்: பாதி இங்கே, பிள்ளைகள் வளரும் சபைக்கு. பாதி ஊர்ச் சபைக்கு, ஆனால் கட்டடத்துக்கு இல்லை. லயத்து விதவைகளுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் என்று எழுதியே அனுப்புகிறோம். அம்மாவுக்கும் சம்மதம்.

உங்கள் வீட்டில் எப்படிங்க?