கண்ணாடித் தம்ளரும் கைரேகையும்

வழவழப்பான கண்ணாடித் தம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, கையில் லேசாகப் பிடித்து, மேலிருந்து சாய்வாக உள்ளே பாருங்கள். சுவர் வெள்ளி பூசியதுபோல் மின்னும், விரல் தெரியாது. இப்போது அழுத்திப் பிடியுங்கள். ரேகைகள் மட்டும், வரி வரியாக, அந்த வெள்ளியில் எழும். விரலை நனைத்துக்கொண்டால் இன்னும் பளிச்.

வெள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை. முழு அக எதிரொளிப்புதான். தண்ணீரிலிருந்து காற்றுக்குக் கிளம்பும் ஒளி சுமார் 49 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியேற வழியில்லை. நடுவே கண்ணாடிச் சுவர் இருந்தும் இந்தக் கணக்கு மாறாது (எனக்கு இது இன்னும் வேடிக்கைதான்). ஆனால் ஒளி எல்லையிலேயே கச்சிதமாக நின்றுவிடுவதில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. ரேகையின் மேடு அந்த இடைவெளிக்குள் வந்தால் ஒளியைப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தில் காற்று, அங்கே பழையபடி எதிரொளிப்பு. பட்டகத்தின் மேல் குவிலென்சை அழுத்தி நியூட்டனும் இதைப் பார்த்திருக்கிறார்; லென்சு தொட்ட இடத்தைவிடப் பெரிய வட்டத்தில் ஒளி கடந்துபோயிருக்கிறது.

ஒளியால் ரேகை படிக்கும் கருவிகளுக்குள்ளும் ஒரு சின்னப் பட்டகமும் கேமராவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ரேஷன் கடையில் "நல்லா அழுத்தி வைங்கம்மா" என்பதில் இயற்பியல் இருக்கிறது. ஆனால் சிமெண்ட் வேலையில் விரல் தேய்ந்துபோனவர்களுக்கு மேடே இல்லையே. அவர்களுக்கு ஐந்தாறு முறை அழுத்தச் சொல்லாமல், முதலிலேயே வேறு வழியில் பதிந்து பொருளைக் கொடுத்துவிடலாம்.