முற்றத்தில் ஓர் உழவு யந்திரம்

"இரயில்வே குடியிருப்பில் வாழும் உங்களுக்கு உழவு யந்திரம் எதற்கு?" என்று சங்கத்து அன்பர்கள் பலர் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்களுக்கு இந்த நாகபுரியில் ஒரு குழி நிலமும் கிடையாது. பின்கட்டில் இருக்கும் மண்ணில் இரண்டு பப்பாளி மரமும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்தான் நிற்கின்றன. அவற்றை உழுவதற்கு ஒரு கைக்கொத்தே அதிகம். ஆயினும், பதினெட்டு மாத காலம் எங்கள் முற்றத்தை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு பழைய பவர் டில்லர் கிடந்தது என்பது உண்மை. அதன் கதையைச் சற்று விவரமாகவே எழுதுகிறோம். நாங்கள் என்றால் மூவர்: பார்சல் அலுவலகத்துக் குமாஸ்தா, அவர் மனைவி, பள்ளியில் படிக்கும் பையன். இக்கதையில் மூவருக்கும் பங்கு உண்டாதலால் ஒருமையில் எழுத மனம் வரவில்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே உள்ளது எங்கள் கிராமம். தகப்பனார் 1991-ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் வாங்கி அந்த டில்லரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1967-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனத்தின் 'சக்தி' என்னும் வகை அது. படுக்கை வாட்டில் அமைந்த ஒற்றை உருளை டீசல் எஞ்சின், இரண்டே சக்கரம், பின்னால் மண்ணைக் கொத்திப் புரட்டும் கத்திகள், நடந்து செல்பவர் பிடித்துக்கொள்ள இரண்டு நீண்ட கைப்பிடிகள். சேற்று உழவுக்கு இரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்புக் கூட்டுச் சக்கரம் மாட்டுவார்கள். பெரிய டிராக்டர் இறங்கினால் புதைந்துபோகும் வயல்களில் இது வாத்து மாதிரி நீந்திப் போகும். உழவு இல்லாத நாட்களில் பெட்டியைப் பூட்டி நெல் மூட்டை ஏற்றுவார் தகப்பனார். கோட்டூர்ச் சந்தைக்குப் போகும்போது மூட்டைகளின்மேல் எங்களுக்கும் இடம் கிடைக்கும்.

அதைக் கிளப்புவதற்கு மின்கலம் முதலிய சௌகரியம் எதுவும் இல்லை. ஹேண்டிலைப் பூட்டி, இடது கையால் அமுக்கம் தளர்த்தும் நெம்பை அழுத்திக்கொண்டு, வலது கையால் சுற்றி வேகம் ஏற்றி, நெம்பைச் சட்டென்று விடவேண்டும். ஒரு கணம் தவறினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். 1993-இல் அப்படி உதைத்ததில் தகப்பனாரின் வலது கட்டைவிரல் முறிந்து கோணலாகவே கூடிவிட்டது. அதன்பின் ஹேண்டிலைத் தொடும் எவரிடமும் அவர் சொல்வது ஒன்றே: "தம்பி, கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு சேர்த்து வை. சுற்றி வளைத்துப் பிடிக்காதே." மாமனாரின் அந்த விரலைப் பார்த்துத்தான் அவருடைய கையெழுத்து ஏன் அப்படிச் சாய்கிறது என்று புரிந்துகொண்டதாக எங்கள் வீட்டு அம்மாள் கூறுவதுண்டு.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. எங்கள் பக்கத்துத் தென்னைகளில் நின்றவற்றைக் காட்டிலும் வீழ்ந்தவை அதிகம். மாட்டுக் கொட்டகையின் கூரையின்மேல் இரண்டு மரங்கள் சாய்ந்தன. கொட்டகைக்குள் டில்லர் இருந்தது. செய்தி வந்ததும் பணம் அனுப்பினோம். பதினொரு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தோம். விடுமுறை கிடைக்கவில்லை என்று ஊரில் சொன்னோம். உண்மையில் நாங்கள் விடுமுறை கேட்கவே இல்லை. போனால் என்ன காணவேண்டியிருக்கும் என்ற பயந்தான் காரணம். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

மறு ஆண்டு மாசியில் தகப்பனார் காலமானார். கடைசி வரையில் உடனிருந்து பார்த்தவர் தமையனாரே. 2021-இல் அவர் எஞ்சியிருந்த நிலத்தையும் விற்றுக் கடன்களை அடைத்தார். கேட்டுத்தான் விற்றார், நாங்களும் சம்மதித்தோம். டில்லரை மாத்திரம் எவரும் வாங்கவில்லை. பழைய இரும்பு வியாபாரி ஒன்பதாயிரம் ரூபாய் என்று விலை சொன்னான். அந்தச் சமயத்தில்தான், "அதை எங்களுக்கு அனுப்பிவிடுங்கள்; ஒன்பதாயிரத்தை நாங்கள் தருகிறோம்" என்று சொன்னோம். தொலைபேசியில் தமையனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்பாவைப் பார்க்க வராதவர்களுக்கு அப்பாவின் இரும்பைப் பார்க்க ஆசை வந்துவிட்டதோ?"

நாங்கள் அனுப்பிய ஒன்பதாயிரம் மறுநாளே திரும்பி வந்துவிட்டது. ஆனால் 2022 சித்திரையில் நாங்கள் ஊருக்குச் சென்றபோது, யந்திரத்தை எஞ்சின், பல்சக்கரப் பெட்டி, கத்திப் பகுதி என்று மூன்றாகப் பிரித்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். முழு யந்திரமும் நானூறு கிலோவுக்குக் குறையாது. எரிபொருள் தொட்டி காலியாக இருந்தாலன்றி வண்டி வாகனங்களைப் பார்சலில் ஏற்கக் கூடாது என்னும் விதியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறருக்கு எடுத்துச் சொல்லி வந்த நாங்கள், தஞ்சாவூர் நிலையத்தில் அதே விதியை ஓர் இளம் குமாஸ்தா எங்களுக்கு எடுத்துச் சொல்லக் கேட்டு நின்றோம். அழகாகவே சொன்னார்.

நாகபுரிக்கு வந்த பின்னர்தான் அதன் உண்மை நிலை தெரிந்தது. கூரை போன பின் மூன்று மழைக்காலம் அது வெளியிலேயே கிடந்திருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கியின் வாய்க்கு மூடி இல்லை. எஞ்சின் நின்றபோது வெளிப்போக்கு வால்வு திறந்த நிலையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே மழைநீர் புகைபோக்கி வழியே நேராக உருளைக்குள் இறங்கிப் பிஸ்டனையும் உருளையையும் துருவால் ஒட்டவைத்துவிட்டது. காற்று வடிகட்டியில் குளவி கூடு கட்டியிருந்தது. டீசல் தொட்டியின் அடியில் கோந்து மாதிரி ஒரு கறுப்புப் பொருள் படிந்திருந்தது.

எங்களுக்கு யந்திர ஞானம் கிடையாது. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றது. அதிலும் விஞ்ஞானத்தில் தப்பிப் பிழைத்தவர்கள். எங்கள் பாக்கியம், அடுத்த வரிசை வீட்டில் ஒரு மராத்தியர் இருந்தார். டீசல் இரயில் எஞ்சின் பிட்டராக முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பு முழுவதும் அவரைக் 'காகா' என்றே அழைக்கும். அவர் வந்து ஒரு விரலால் எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டு, தம் ஹிந்தியில், "பதினாறு உருளையோடு வாழ்ந்தவனுக்கு ஒற்றை உருளை விளையாட்டுப் பொருள்" என்றார். அந்த விளையாட்டு அவரையும் ஒன்றரை ஆண்டு ஆட்டி வைத்தது.

முதல் வேலை ஒட்டிய பிஸ்டனைக் கழற்றுவது. சம்மட்டியால் இரண்டு அடி போட்டால் வந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். காகா சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டார். உருளைத் தலையைக் கழற்றி, எஞ்சினைச் செங்குத்தாக நிமிர்த்திக் கட்டி, பிஸ்டனின் தலைமேல் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றச் சொன்னார். தினமும் காலையில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மேலே ஊற்றுவது பையனின் பொறுப்பு. பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கணக்கு எழுதி வந்தான். பதினோராம் நாள், ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டியபோது, பிஸ்டன் ஒரு நூல் அளவு நகர்ந்தது. அன்று வீட்டில் பாயசம்.

உருளையின் உட்சுவரைத் துரு அரித்துக் குழி குழியாக்கியிருந்தது. இந்த எஞ்சினில் உட்சுவர் தனிக்குழாயாக இருப்பதால், பழைய லைனரை இழுத்தெடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். பிஸ்டன், வளையங்கள், லைனர் மூன்றும் சேர்ந்த ஜோடிப்பு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. டீசல் பம்பினுள் கோந்து பிடித்திருந்த உள்தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மீட்டோம். அது அதன் குழலோடு இணை சேர்த்துத் தேய்த்த பொருள். விரலில் உள்ள ஒரு மணல் துகளும் அதற்கு விரோதி. ஆகையால் அந்த வேலை முற்றத்தில் நடக்காமல் சமையல் மேடையில், சலவை வேட்டி விரித்து, அம்மாளின் மேற்பார்வையில் நடந்தது. டீசலைத் தூவும் முனையைச் சோதனை செய்தபோது, பூத்தூறலாக வரவேண்டியது நூல் நூலாக ஒழுகிற்று, அதை மாற்றினோம். வால்வுகளைப் பசையிட்டுத் தேய்த்து அமரவைத்தோம். எண்ணெய் அடைப்புகள், பேரிங்குகள், பெல்ட்டுகள் ஆகியவற்றைப் பற்றி எழுதினால் சுவைக்காது. பில்கள் மாத்திரம் சுவைத்தன. கூட்டிப் பார்ப்பதைப் பாதியில் நிறுத்திக்கொண்டோம். இருபதினாயிரத்தைத் தாண்டிய இடத்தில் அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. அவ்வாண்டு வாங்குவதாக இருந்த குளிர்ப்பெட்டி வாங்கப்படவில்லை.

வர்ணம் பூசுவதில் மாத்திரம் எங்களுக்குள் தர்க்கம் வந்தது. பையன் முழுவதும் புது வர்ணம் வேண்டும் என்றான். நாங்களும் துருவை உரசிச் சிவப்பு அடித்துக்கொண்டே வந்தோம். வலக் கைப்பிடிக்கு வந்தபோது அம்மாள் தடுத்தாள். அங்கே இருபத்தேழு ஆண்டு ஒரே கை பிடித்துப் பிடித்து வர்ணம் தேய்ந்து இரும்பு வெளுத்திருந்தது. கோணல் கட்டைவிரல் பதியும் இடத்தில் தேய்மானமும் கோணலாக இருந்தது. அதை அப்படியே விட்டு, துரு ஏறாமலிருக்க எண்ணெய் மாத்திரம் பூசினோம்.

2023 தீபாவளிக்கு மறுநாள் நண்பகலில் எஞ்சின் கிளம்பிற்று. எரிபொருள் குழாயிலுள்ள காற்றைத் திருகாணி தளர்த்தி, குமிழி நிற்கும் வரையில் வெளியேற்றிவிட்டு, காகா நான்காம் முறை சுற்றியபோது, முதலில் வெள்ளைப் புகை, பிறகு கரும்புகை, பிறகு அந்தச் சத்தம். குடியிருப்பில் சன்னல்கள் திறந்தன. நாங்கள் அந்தச் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து தமையனாருக்கு அனுப்பினோம். பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரே வரி வந்தது: "டாப்பெட் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது."

காகாவிடம் காண்பித்தோம். இடைவெளியை அளந்து பார்த்து, "உன் அண்ணன் சொல்வது சரி" என்றார்.

காட்டோல் அருகே காகாவுக்கு நூற்றிருபது மரங்கள் கொண்ட ஆரஞ்சுத் தோட்டம் உண்டு. இங்கே ஆரஞ்சு ஆண்டில் இரு பருவம் பூக்கும்: மழைக்காலத்தில் வரும் 'மிருக்' ஒன்று, வசந்தத்தில் வரும் 'அம்பியா' ஒன்று. அம்பியாவுக்கு டிசம்பரில் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வாட வைப்பார்கள். ஜனவரி நடுவில் மேல்மண்ணைக் கிளறி எருவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சினால், வாடிய மரம் ஒரே மூச்சில் பூத்துத் தள்ளும். ஆரஞ்சின் உணவு வேர்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் ஆழ உழுதால் அவை அறுந்துபோகும். இருபதடிக்கு இருபதடி நட்ட மரங்களுக்கிடையே இரண்டு மூன்று அங்குலம் மாத்திரம் கொத்திச் செல்ல எங்கள் டில்லர் பொருத்தமானது. கூலி வாங்காத காகாவுக்கு நாங்கள் செலுத்தக்கூடியது இந்த ஓர் உழவுதான் என்று தீர்மானித்தோம். தமையனாரைப் பொங்கலுக்கு வரும்படி எழுதினோம். வருவார் என்று நம்பவில்லை. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்.

2024 பொங்கலுக்கு மறுநாள் காலை தோட்டத்தில் நல்ல குளிர். காகா சுற்றினார், நாங்கள் சுற்றினோம், எஞ்சின் இருமிற்றே தவிரக் கிளம்பவில்லை. வளையங்கள் புதியவை, உருளையோடு இன்னும் இழையவில்லை, அமுக்கம் போதவில்லை என்று காகா விளக்கினார். தமையனார் அதுவரை வரப்பில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தோட்டக்காரன் தேநீருக்கு வைத்திருந்த வெந்நீரை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார். காற்று வடிகட்டியைக் கழற்றி, உட்போக்குக் குழாயில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டார். "மார்கழி தையில் அப்பா இப்படித்தான் செய்வார். எண்ணெய் வளையத்தைச் சுற்றிக்கொண்டு காற்றைக் கட்டிப் பிடிக்கும்" என்றார். காகா அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

தமையனார் ஹேண்டிலைப் பூட்டினார். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு சேர்ந்திருந்தது. இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வெயில் ஏறும் வரையில் அவரே உழுதார். கருமண் எங்கள் வண்டல்போல் மடிந்து கொடுக்காமல் கட்டி கட்டியாக எழுந்தது. அதற்கேற்றபடி வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பையன் கூடவே நடந்தான். அவ்வப்போது அவன் கையைக் கைப்பிடியில் வைத்து, தம் கையை மேலே வைத்துக்கொண்டார். அந்த வெளுத்த இடத்தை அவர் பார்த்தாரா என்பது தெரியாது. எங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உச்சிவேளையில் மரநிழலில் சோறு உண்டோம். அந்தப் பதினொரு நாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றிற்று. விடுமுறை கேட்கவே இல்லை என்பதைச் சொன்னோம். அவர் ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். "தெரியும். அப்பாவுக்கும் தெரியும்" என்றார். சுளைகளைப் பிரித்துப் பையனுக்குக் கொடுத்தார். பிறகு, "அந்த ஒன்பதாயிரத்தை இப்போது கொடு" என்றார்.

கையில் அவ்வளவு இல்லை. காகாவிடம் நான்காயிரம் கடன் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தோம். தமையனார் நிதானமாக எண்ணிப் பார்த்து, மடியில் செருகிக்கொண்டு, மீதமிருந்த இரண்டு வரிசையை உழுவதற்கு எழுந்தார்.