முதலில் பிளக்கைப் பார்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியலுக்கு அதில் இடமே இல்லை. பயோமெடிக்கல் எஞ்சினியரிங் எடுக்கப் போகிறவருக்கும் இதே கணக்குதான். அதனால் எங்கள் வகுப்பில் இரண்டு வகை ஆட்கள் இருந்தோம். மருத்துவ இடம் கைநழுவி, ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்திலாவது நிற்கலாமே என்று வந்தவர்கள் ஒரு வகை. எலெக்ட்ரானிக்ஸ் கிடைக்காமல் அடுத்த கதவைத் தட்டியவர்கள் மறு வகை. முதல் வகைக்கு ஃபூரியே கணிதம் கசந்தது, இரண்டாவது வகையான எங்களுக்கு எலும்புகளின் பெயர்கள். மருத்துவக் கருவிகளைப் பற்றிக் காண்ட்பூர் எழுதிய தடிப்புத்தகம் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவான சுமை.

நான் படித்த கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவையாளர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியாகத் தொடங்கியது. 1920-இல் கிண்டிக்கு வந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இத்தனை பெரிய குடும்பத்தில் நாங்கள் கடைக்குட்டி. அதில் ஒரு சௌகரியமும் உண்டு. சந்தேகம் எதுவானாலும் கேட்க, சைக்கிள் தூரத்தில் ஒரு துறை இருக்கும்.

என்னை இந்தப் படிப்போடு கட்டிப்போட்டது ஈ.சி.ஜி. ஆய்வகம்தான். இதயத்தின் துடிப்பு மார்புத் தோலை வந்தடையும்போது அதன் மின்னழுத்தம் சுமார் ஒரு மில்லிவோல்ட். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் அதே உடம்பு ஏந்திக்கொள்கிறது, பல மடங்கு பெரிதாக. இரண்டு கைகளிலும் ஒரேமாதிரி வந்து சேரும் அந்த இரைச்சலைக் கழித்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்க வேண்டும். வலது காலில் ஒட்டும் மின்முனைக்கு அதைவிட விசித்திரமான வேலை. அது எதையும் அளப்பதில்லை. உடம்பு ஏந்திய இரைச்சலைத் தலைகீழாக்கி உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது. தோழி ஒருத்தி பெஞ்சில் படுத்திருக்க, அந்தக் காலின் ஒயரைச் சேர்த்ததும் திரையில் இருந்த தடித்த பட்டை மெலிந்து, அவளுடைய இதயம் தெரிந்தது. அன்றைக்கு அதைவிட அழகான சர்க்யூட் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ஓர் அரசு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கேயும் ஈ.சி.ஜி.யில் அதே தடித்த பட்டை. நான் ஃபில்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். டெக்னீசியன் அண்ணன் மின்முனையைக் கழற்றிக் காட்டினார். ஜெல் காய்ந்து போயிருந்தது. "மொதல்ல பிளக்கப் பாரும்மா. அப்புறம் ஒயரு, அப்புறம் பேட்டரி. உள்ள இருக்கற போர்டெல்லாம் கடைசி" என்றார். அந்த வரிசை எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. வராந்தாவில் ஓரங்கட்டிக் கிடந்தவற்றில் பல அந்த வரிசையின் முதல் மூன்று படிகளிலேயே எழுந்துகொண்டன. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் ஒயர் எப்போதும் ஒரே மடிப்பில் அறுந்திருக்கும். டீஃபிப்ரிலேட்டரில் பேட்டரியை மாற்றி வருடங்கள் ஆகியிருக்கும்.

இது ஒரு மருத்துவமனையின் கதை இல்லை. தேசிய சுகாதாரத் திட்டத்துக்காக அரசு மருத்துவமனைகளின் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை செயல்படாமல் இருந்தது தெரியவந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மால்கின் என்பவர் வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் பழுதான கருவிகளை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை 107 எளிய திறன்கள் தெரிந்தாலே மீட்டுவிடலாம் என்கிறது அது. ஃப்யூஸ் மாற்றுவது, குழாய் அடைப்பு எடுப்பது, இப்படிப்பட்டவை.

ஆனாலும் நான் பார்த்த கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் புதிதாக ஒரு கருவி செய்தாக வேண்டும். ஆர்டுயினோ, ஒரு சென்சார், மொபைலுக்குத் தகவல் அனுப்பும் ஒரு ஆப். மதிப்பெண் வந்ததும் அட்டைப்பெட்டிக்குப் போய்விடும். பழைய இன்ஃப்யூஷன் பம்ப் பத்தை ஓட வைத்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. அது ஐ.டி.ஐ. படித்தவர் வேலையாம். இந்த ஏளனம் எனக்குப் பிடிப்பதே இல்லை. ஒரே மடிப்பில் ஐம்பது ஒயர் அறுவதைப் பார்த்தவர்தான் அறாத ஒயரை வரைவார்.

பட்டப்படிப்புக்கு உண்மையான வேலையும் இங்கேதான் இருக்கிறது. ஓடாத கருவியை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தவறாக ஓடுவது ஆபத்து. டீஃபிப்ரிலேட்டரில் 200 ஜூல் வைத்தால் 200 ஜூல்தான் வருகிறதா, சிரிஞ்ச் பம்ப் மணிக்கு ஐந்து மில்லி என்று காட்டினால் ஐந்துதான் போகிறதா? ஒயரை ஒட்டவைத்தவர் அத்தோடு நிற்க முடியாது; எவ்வளவு பிழையை நோயாளி தாங்குவார் என்று கணக்கிட உடலியலும் வேண்டும், மின்னணுவியலும் வேண்டும். எங்கள் வகுப்பின் இரண்டு வகை ஆட்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் அது.

என் வகுப்பில் பெரும்பாலோர் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளுக்குக் கோடு எழுதப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் அப்படி. நான் ஒரு மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் வாரம் கருவிப் பட்டியலைக் கொடுத்து வார்டு வார்டாக அனுப்புகிறேன். எது எங்கே இருக்கிறது, கடைசியாக அளவீடு சரிபார்த்த தேதி என்ன, எதைத் தொட சிஸ்டர்கள் பயப்படுகிறார்கள் என்று எழுதி வர வேண்டும். புராஜெக்ட் தலைப்போடு வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சிஸ்டர்களிடம் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து, அடுத்து என்ன என்கிறார்கள்.