பரதேசி என்னும் பெயர்

பள்ளியிலிருந்து திரும்பிய எம் மகன் ஒருநாள், “அப்பா, நான் யார் என்று எழுதிவரச் சொன்னார்கள், என்ன எழுதட்டும்?” என்று கேட்டான். பிறகு பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தோம். கொச்சிக்குச் சென்ற விடுமுறையில் அவ்வினா மீண்டும் எம் எதிரே வந்து நின்றது.

தேவராவில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அங்கிருந்து வெண்டுருத்திப் பாலம் கடந்து வில்லிங்டன் தீவை அடைந்தோம். 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில், துறைமுகத்திற்காகக் காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. அதனைத் தாண்டி, தோப்பும்படி வழியே மட்டாஞ்சேரி புகுந்தோம்.

அங்கே யூதர் தெருவின் முனையில் 1568இல் எழுந்த தொழுகைக்கூடம் நிற்கிறது. நீலவண்ணம் தீட்டிய சீன ஓடுகள் அதன் தரையை அழகு செய்கின்றன. ‘பரதேசி’ தொழுகைக்கூடம் என்பது அதன் பெயர். தமிழில் இச்சொல் இன்று வசைச்சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. அங்கோ, பிறநாட்டிலிருந்து வந்தவர் என்பதே பொருள். நூற்றாண்டுகள் பல வாழ்ந்தும் அம்மக்கள் பரதேசிகளாகவே அழைக்கப்பட்டனர். 1948இல் இசுரேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் யாது? ‘கொச்சினிம்’, அதாவது கொச்சிக்காரர்! அவர்தம் பெண்கள் ஏடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்கள் அந்நாட்டிலும் ஒலித்தன.

பின்னர், கோட்டைக் கொச்சியின் வெளியில் உள்ள சலவைத்துறைக்குச் சென்றோம். டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த வண்ணார் குலத்தினரின் வழிவந்தோர், 1976இல் கட்டப்பட்ட தொட்டிகளில் துவைக்கின்றனர். முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் நுனியைச் செருகி உலர்த்துகின்றனர். காற்றடித்தாலும் அது நழுவுவதில்லை. மலையாளம் கலந்த அவர்தம் தமிழ் எம் செவிக்கு இனித்தது.

முதியவர் ஒருவர் எம் மகனிடம், “தம்பிக்கு எந்த ஊர்?” என்று பரிவுடன் வினவினார். அவன் விடை கூறாது எம் முகத்தை நோக்கினான்.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சார்லஸ் கூலி 1902இல் வெளியிட்ட நூலில், பிறரே நமக்குக் கண்ணாடி என்னும் கருத்தை விளக்கினார். பிறர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகிறோம், அவர் நம்மை எவ்வாறு மதிப்பர் என்று எண்ணிப் பார்த்து, அதனால் பெருமிதமோ நாணமோ அடைகிறோம். நம்மைப் பற்றிய நம் எண்ணம் இவ்வாறே உருவாகிறது என்பது அவர் கொள்கை. அக்கணத்தில் எம் மகனுக்கு யாமே கண்ணாடி. அவன் அதில் இதுவரை கண்டது என்ன? பேருந்தில் தமிழ் பேசுகையில் குரலைத் தாழ்த்தியவர் யாம். அலுவலகத்தார் வாய்க்கு எளிதாகட்டும் என்று தந்தை இட்ட பெயரைக் குறுக்கிக்கொண்டவரும் யாமே. அவன் தயக்கம் எம்மிடம் கற்றது.

முதியவரிடம் எம் சிற்றூரின் பெயரையும், யாம் வாழும் நகரின் பெயரையும் உரக்கச் சொல்லி, “இரண்டும் இவன் ஊர்தான், ஐயா” என்றோம். “அப்படித்தான், எங்களுக்கும் அப்படித்தான்” என்று அவர் நகைத்தார். மகனும் நகைத்தான்.

தேவராவிற்குத் திரும்பிய இரவே அவன் எழுத அமர்ந்தான். இம்முறை எம்மை ஒன்றும் கேட்கவில்லை. பிறர் சூட்டும் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். நம் முகத்தில் நாணம் இல்லையெனில், எப்பெயரும் நம் மக்களைக் குறுக்கிவிடாது.