அலபாமாவில் ஒரு கண்ணாடிச் சாளரம்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலே, அலபாமா மாநிலத்தில், இரும்புத் தொழில் வளர்த்த நகரம் பேர்மிங்காம். அங்கே இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது பதினாறாம் வீதி பப்ரிஸ்த் தேவாலயம். கறுப்பின மக்கள், தம்மினத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரின் திட்டப்படி 1911 ஆம் ஆண்டிற் கட்டி முடித்த ஆலயம் இது.

எதிரே பூங்காவொன்று. அங்கே பாய வரும் நாய்களின் சிலைகளைக் கண்டு திடுக்கிட்டேன். 1963 மே மாதத்தில் இவ்வாலயத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்ட சிறுவர்மீது பொலிசார் நாய்களை ஏவியதும், தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சியதும் இவ்விடத்திலேதான். வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு என்று உணவகமும் பாடசாலையும் பிரிந்திருந்த முறையை எதிர்த்ததே அவர்கள் செய்த குற்றம்.

அதற்கு முந்திய மாதம், பெரிய வெள்ளிக்கிழமையன்று, போதகர் மாட்டின் லூதர் கிங் இந்நகரிற் சிறைப்பட்டார். அவ்வேளையில் வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மர் ஓர் அறிக்கை விடுத்தனர். எழுவர் கிறிஸ்தவர், ஒருவர் யூத குரு. ஊர்வலங்கள் காலத்துக்கு ஒவ்வாதவை, நீதிமன்றங்களை நாடிப் பொறுத்திருங்கள் என்பது அவர்தம் அறிவுரை. பொறுத்திருக்கச் சொல்லுதல் துன்பம் தீண்டாதவர்க்கு எளிது என்று சிறையிலிருந்தே கிங் மறுமொழி வரைந்தார்.

செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.22 மணிக்கு, இனவெறியர் ஆலயத்தருகே மறைத்து வைத்த குண்டு வெடித்தது. ஆராதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சிறுமியர் நால்வர் மாண்டனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. வண்ணக் கண்ணாடிச் சாளரமொன்றில் ஆண்டவரின் திருமுகம் மட்டும் சிதறிப்போயிற்று. கொலையாளிகளுள் ஒருவன் 1977 இலும், மற்றிருவர் 2001, 2002 ஆம் ஆண்டுகளிலுமே குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர்.

உள்ளே சென்று மேன்மாடத்தை அண்ணாந்து பார்த்தேன். கைவிரித்து நிற்கும் கறுப்புக் கிறிஸ்து! ஒரு கை அநீதியைத் தடுக்கிறது. மறு கை மன்னிப்பை வழங்குகிறது. கடல் கடந்த வேல்ஸ் நாட்டுக் கலைஞர் யோன் பெற்ஸ், செய்தி கேட்டு மனம் நொந்து ஆக்கிய சாளரம் இது. அந்நாட்டுப் பத்திரிகையொன்று இதற்கென நிதி திரட்டியது. செல்வர் சிலரே முழுச் செலவையும் ஏற்றுவிடலாகாது என்று, எவரிடமும் இரண்டரைச் சிலிங்குக்கு மேற் பெறவில்லை. பிள்ளைகளும் தம் சில்லறையைக் கொடுத்தனர். 1965 இல் சாளரம் இங்கே நிறுவப்பெற்றது.

அறிக்கை விடுத்த குருமாரும் சில்லறை கொடுத்த எளியோரும் அநீதிக்கு அளித்த விடைகள் இவை இரண்டும். பொறுமையைப் போதிக்குமுன், அதனால் நீளுவது யாருடைய துன்பம் என்று வினவுதல் எந்த ஆலயத்துக்கும் கடனாகும்.